பூக்கட்டிப் பார்த்த சனிக்கிழமை

எங்கள் வீட்டில் எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர் அப்பா. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், செய்து வரும் இரும்புச் சாமான்கள் சொன்ன அளவில் இருக்கின்றனவா என்று பார்த்துத் தள்ளுவதும் கொள்ளுவதும் அவர் வேலை. வீட்டிலும் அதே குணம்தான். ஒரு மாதம் விடாமல் பால் குடித்துவிட்டு நான் வளர்ந்துவிட்டதாக அறிவித்தபோது, கதவோரம் நிற்க வைத்துக் கோடு போட்டார். போன மாதக் கோட்டின் மேலேயே விழுந்தது. வளர்ந்தது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று அழுதேன். "நீ நம்பறேங்கிறதுக்காகக் கோடு மேல ஏறாதும்மா" என்றார்.

அம்மா ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள். அவள் கணக்கு வேறு. எதுவும் பெருமாள் மனசு வைத்தால்தான் நடக்கும். தோசை கல்லில் ஒட்டிக்கொண்டால்கூட அதில் அவருக்கு ஏதோ பங்கு இருக்கும். இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே வீட்டில் காலம் தள்ளினார்கள் என்றால், ஒருவர் பேசுவதை மற்றவர் காதில் போட்டுக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் அடைப்பு, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்மதம் என்று அம்மா கையெழுத்துப் போடவேண்டும். அம்மா மாட்டேன் என்றாள். அவளுடைய அண்ணன் அப்படித்தான் ஒரு ஆபரேஷனுக்குப் போனார், திரும்பி வரவில்லை. "நடந்துதாங்க உள்ள போனாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்வாள். அப்பா டாக்டர் கொடுத்த காகிதங்களை விரித்து விளக்கினார், கோபித்தார், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தார். எதுவும் எடுபடவில்லை.

கடைசியில் ஒரு நாள் அவரே, "சரி, பூக்கட்டிப் பார்த்துடலாம்" என்றார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, கிண்டல் பண்றீங்களா?"

"கிண்டல் இல்ல. வெள்ளை வந்தா ஆபரேஷன். சிவப்பு வந்தா இனிமே அந்தப் பேச்சையே எடுக்கல."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ இன்னொன்றில். சாமியைக் கும்பிட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த நிறம்தான் தெய்வ வாக்கு. மற்றதைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை அப்பாவே நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்து வந்து, கட்டுவதற்கு வாழையிலைத் துண்டும் நாரும் எடுத்தார். அம்மா கை நீட்டியதற்கு, "நீ கட்டினா எது எதுன்னு உன் முகமே காட்டிக் கொடுத்துடும்" என்று மறுத்துவிட்டார். நியாயமாகத்தான் பட்டது. அறைக்குள் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன.

ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சந்நிதியில் சேவித்துவிட்டு, வெளி மண்டபத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்தோம். அம்மா பொட்டலங்களை எதிரே வைத்து வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் இடது பக்கம் இருந்ததை எடுத்தேன். பிரித்தால் வெள்ளை. அம்மா என் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். என்னவோ நானே ஆபரேஷன் செய்து முடித்துவிட்ட மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அங்கிருந்து காவிரிக்கரையில் இருக்கும் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். அப்பா மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா முகம் கழுவ இறங்கினாள். மற்றப் பொட்டலத்தைக் காவிரியில் விடும் வேலை என்னுடையது. கூடாது என்றதைச் செய்து பார்ப்பதில் அந்த வயதில் எனக்கொரு தனி ருசி. இருவருக்கும் முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டு நாரைத் தளர்த்தினேன். அதற்குள்ளும் வெள்ளை.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் தப்பான பக்கம் கை வைத்துவிடுவேனோ என்று பயந்து, பெருமாள் சிவப்பையும் வெள்ளையாக்கிவிட்டார். வேறென்ன இருக்க முடியும்? பூவை அவசரமாகத் தண்ணீரில் விட்டேன். பிரித்தது தெரிந்தால் அம்மா முதுகில் டின் கட்டிவிடுவாள் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை அப்பா பச்சை அங்கியோடு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். அம்மா கையெழுத்துப் போட நர்ஸோடு போயிருந்தாள். அப்பாவின் முகம் வெளிறிக் கிடந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அடி விழுந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அப்பா, அந்த இன்னொரு பொட்டலத்துலயும் வெள்ளைதான் இருந்துச்சு. நான் பிரிச்சுப் பார்த்தேன். பெருமாளே மாத்திட்டாரு. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமாவே வெள்ளையா?" என்று கேட்டார்.

"சத்தியமா வெள்ளைப்பா."

"அப்ப சரி" என்றார். கை சில்லென்று இருந்தது, ஏ.சி.யால் என்று நினைத்தேன். பிடியை விடுவதாகக் காணோம். எனக்கோ கீழே கேன்டீனில் பூரி போடும் வாசனை மூக்கைத் துளைத்தது. கையை உருவிக்கொண்டு ஓடினேன்.

அப்பா நல்லபடியாகத் திரும்பி வந்தார். இன்றைக்கும் தினம் காலையில் நடக்கப் போகிறார். நம்பினோம், நடந்தது என்கிறாள் அம்மா. அப்பா அதை மறுப்பதுமில்லை, ஆமோதிப்பதுமில்லை. நாம் நம்புவதால் செவ்வரளி வெளுத்துவிடாது. பொட்டலம் கட்டியவர் யார் என்று யோசித்துப் பார்க்கவே எனக்குப் பத்து வருடம் பிடித்தது. ஆனால் அம்மா நம்பியிராவிட்டால் கையெழுத்து விழுந்திருக்காது, அப்பாவும் இருந்திருக்க மாட்டார். இதை யார் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்றைக்குப் புரியாமல் போய் இன்றைக்கும் உறுத்துவது அதுவல்ல. வெளியே காத்திருந்த எங்கள் இருவருக்கும் பெருமாள் வாக்கு இருந்தது. நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அதை எங்களுக்குக் கட்டிக் கொடுத்தவர் மட்டும் எந்த வாக்கும் இல்லாமல் அந்தக் கதவுக்குள் போனார். அவர் பயந்துபோயிருக்கிறார் என்று தெரிந்திருந்தால், அந்தக் கையை விட்டுவிட்டுப் பூரி தின்ன ஓடியிருக்க மாட்டேன்.