ஏழு வீடு சிவப்பு, ஒரு கொட்டகை பச்சை: உத்திரமேரூர் பக்கம் மூன்று நாள் களப்பயிற்சி

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் மூன்று நாள் உத்திரமேரூர் பக்கம் போயிருந்தேன். சுற்றுலா இல்லை. நான் சென்னையில் நகரத் திட்டமிடல் படிக்கிறேன். எங்கள் கல்லூரியும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் கூட்டு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. வீட்டுவசதி, நில மேலாண்மை இரண்டையும் கற்பிக்கும் முறையை மேம்படுத்துவதுதான் நோக்கம் என்று காகிதத்தில் இருக்கிறது. அதன்படி அங்கிருந்து ஒன்பது பேரும் இங்கிருந்து ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு கிராமத்தை அளந்து வரைபடம் போட வேண்டும். இப்படிப்பட்ட பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊர் மானாம்பதிக்குப் பக்கம். பெயரை வேண்டுமென்றே விடுகிறேன்.

கல்லூரி வேன் காலை ஆறு மணிக்குக் கிளம்பியது. நான் ஆறு பத்துக்கு வந்தேன், வேன் போய்விட்டிருந்தது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு, பத்து ரூபாய். அங்கிருந்து உத்திரமேரூருக்குப் பேருந்து, முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒன்றேகால் மணி நேரம். உட்கார இடம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் நான்கு இட்லி, ஒரு வடை, நாற்பது ரூபாய். பழைய கல்வெட்டைப் பார்க்க வருபவர்கள் இங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான் ஆட்டோ பிடித்தேன். பதினொரு கிலோமீட்டருக்கு இருநூறு ரூபாய்.

அறுவடை முடிந்த சமயம். தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்தது. ஆட்டோ ஓட்டுநர் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கி ஓட்டினார்.

“ரோட்டையே களமா ஆக்கிக்கினானுங்க. பேஜாரு,” என்றார்.

“ஊர்ல நெல் அடிக்கக் களம் இல்லையா அண்ணே?”

“கீது. காலனி ஜனம் அதுலதான் வூடு கட்டிக்கினு கீது.”

“ஏன் அங்கே கட்டினாங்க?”

திரும்பிப் பார்த்தார். “வேற எங்க இடம் குட்தாங்க?”

அந்தக் களத்தை அளக்கும் வேலை எனக்கே வந்தது. அரசுப் பதிவேட்டில் அது களத்துப் புறம்போக்கு, அதாவது ஊர் பொதுவாக நெல் அடிப்பதற்கான இடம். அதில் தகரக் கூரை போட்ட ஏழு வீடுகள். வடக்கு ஓரத்தில் ஒரு பெரிய நிலக்காரர் உர மூட்டை வைக்கக் கட்டிய கான்கிரீட் கொட்டகை. யாருக்கும் பட்டா கிடையாது. மூன்றாவது வீட்டில் சரளா அக்கா இருக்கிறார். நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று போகிறவர். வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். கேட்ட எல்லாவற்றையும் சொன்னார், மோர் கொடுத்தார். நான் கைப்பேசியில் இருந்த கட்டட வகைப் பட்டியலில் ‘வீடு’ என்று அழுத்தினேன். கொட்டகைக்கு ‘வேளாண் கட்டடம்’ என்று அழுத்தினேன். அந்தப் பட்டியல் வெளிநாட்டிலிருந்து வந்தது. தமிழில் மாற்றியவள் நான்தான்.

மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டரைக்கு ஊராட்சி அலுவலகச் சுவரில் வரைபடத்தை ஒட்டினோம். தேநீர், பிஸ்கட், கைதட்டல். சரளா அக்கா கைதட்டவில்லை. கிட்டே வந்து விரல் வைத்து எண்ணினார்.

“இன்னாம்மா இது? எங்க ஏழு வூடும் செவப்பா கீது. அவுரு கொட்டா மட்டும் பச்சையா கீது?”

பட்டியலில் நெற்களமும் வேளாண் நிலம்தான். வேளாண் நிலத்தில் வீடு இருந்தால் ஆக்கிரமிப்பு, சிவப்பு. வேளாண் கட்டடம் இருந்தால் அனுமதிக்கப்பட்ட பயன்பாடு, பச்சை. மென்பொருள் தானாகவே அடித்திருந்தது. அதைச் சொன்னேன்.

“ஒரே களந்தானே? நாங்க இருந்தா தப்பு, அவுரு மூட்ட இருந்தா தப்பில்லியா?”

பக்கத்து வீட்டுத் தனசேகர் சிரித்தார். “நீயும் ஒரு மூட்டைக்குள்ள பூந்துக்கோக்கா. பட்டா தானா வரும்.”

வெளிநாட்டுப் பேராசிரியர் என்ன பேச்சு என்று கேட்டார். “பொதுவா சொல்லி முடிம்மா” என்றார் எங்கள் பேராசிரியர். நான் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன், மூட்டையையும் சேர்த்து. வெளிநாட்டவர் வரைபடத்தில் சிவப்பையும் பச்சையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பட்டியல் தவறு, இறுதி அறிக்கையில் திருத்துவோம் என்றார். அதையும் அக்காவிடம் தமிழில் சொல்லிவிட்டு, அன்று காலையிலேயே ஒரு பிரதி வருவாய் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் போய்விட்டது என்பதையும் சொன்னேன்.

“எம் மனு கீற ஆபீசுக்கா?”

“ஆமாம் அக்கா.”

“அப்ப எறுதி கிறுதில்லாம் வாணாம். இப்பவே வா.”

வேனில் முதலில் ஏறி உட்கார்ந்தவர் அவர்தான். பின்னால் தனசேகர், அப்புறம் பேராசிரியர்களும் நாங்களும். மூன்று மணிக்கு அலுவலகத்தில் இருந்தோம். எழுத்தர் பொறுமையானவர். மின்னஞ்சலை அச்செடுத்து, அக்காவின் மனுவும் இருக்கும் புறம்போக்குக் கோப்பில் சேர்த்தாயிற்று என்றார். கோப்புக்குள் வந்த தாளை எடுக்க முடியாதாம். வேண்டுமானால் மேலே இன்னொரு தாள் வைக்கலாம்.

அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். வீடுகளின் சிவப்பை நீக்குவதாக எழுதிப் படித்துக் காட்டினேன். சரளா அக்கா நிறுத்தினார்.

“அவுரு கொட்டா?”

“அது பச்சையாவே இருக்கும்.”

“அதெப்டி? செவப்புன்னா எல்லாத்துக்கும் அடி. இல்லன்னா எதுக்கும் அடிக்காத.”

எந்தக் கட்டடத்துக்கும் நிறம் கிடையாது, இந்த வரைபடத்தை வைத்து யாருடைய உரிமையையும் முடிவு செய்யக் கூடாது என்று மாற்றி எழுதினேன். இரண்டு பேராசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள். எங்களவருக்கு மனமே இல்லை. நிலக்காரர் கோபித்துக்கொண்டால் அடுத்த ஆண்டு ஊருக்குள் விடமாட்டார் என்று வேன் திரும்பும் வரை முணுமுணுத்தார். வெளிநாட்டு மாணவர்கள் தங்கள் சான்றிதழுக்கு இதுவே சிறந்த பாடம் என்றார்கள். எரிச்சலாக இருந்தது. அந்தப் பாடத்துக்கு வைத்த பணயம் வேறொருத்தியின் வீடு.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். ஏ.டி.எம். உத்திரமேரூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் மாலை ஆறுக்குப் பிறகு அதை நம்பாதீர்கள். கையில் கொடுக்கும் பட்டியலைக் கிளம்புவதற்கு முன்பே படித்து, அதில் யார் தப்புகிறார், யார் மாட்டுகிறார் என்று பாருங்கள். வரைபடத்தை அதில் குடியிருப்பவர்களிடம் முதலில் காட்டுங்கள், அலுவலகத்துக்குப் பிறகு அனுப்பலாம். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

நேற்று சரளா அக்காவுக்குப் போன் செய்தேன். மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. கோப்பில் எங்கள் கடிதம் மேலே இருக்கிறது, நான் பொத்தான் அழுத்தி வந்த சிவப்பு கீழே இருக்கிறது. திறக்கப்போகும் அதிகாரி முதல் தாளோடு நிறுத்துவாரா, அடுத்ததையும் புரட்டுவாரா என்று அக்கா கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.