பதினேழு ஒன்றுகள்

டாஸ்மேனியாவில் ஜீவ்ஸ்டன் ஆப்பிள் கொட்டகையில் பழம் தரம் பிரிப்பவள் வின்னி டிரீன். பதினான்கு வயதோடு படிப்பு நின்றுபோனவள். ஆனால் எண் என்றால் அவளுக்கு உயிர். ஊர்ப் பள்ளியின் கணக்கு வாத்தியார் ஹாரால்டுக்கு அது தெரியும். 1958இல் ஒரு வியாழக்கிழமை தேநீருக்கு வந்தவர், பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதி நீட்டினார்.

"இது எதாலயாச்சும் வகுபடுமா, இல்ல பகா எண்ணான்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது வின்னி. நீ பாரேன்."

வின்னி கண்மூடித்தனமாக வகுக்கவில்லை. சின்ன எண்களை முதலில் பார்த்தாள். ஐந்து ஒன்றுகளை 41, 271 வகுத்தன. ஏழு ஒன்றுகளை 239, 4649. அந்த எண்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றைக் கழித்தால், முதல் ஜோடி பத்தின் மடங்கு, அடுத்தது பதினான்கின் மடங்கு. ஐந்துக்குப் பத்து, ஏழுக்குப் பதினான்கு என்றால் பதினேழுக்கு முப்பத்துநான்கு. அதன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்களை மட்டும் சோதித்தால் போதும்.

"இத யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்றார் ஹாரால்டு.

"யாரு சொல்லணும்? கண்ணுக்கே தெரியுதே."

மூன்று, ஐந்து, ஏழால் வகுபடுபவற்றைத் தள்ளிவிட்டு, நாளொன்றுக்குப் பத்து எண்களாக வகுத்துப் பார்த்தாள். வியாழன்தோறும் ஹாரால்டு நோட்டைப் புரட்டி, "விடாத, வரும்," என்பார்.

"ஒன்னு ஒன்னுன்னே கெழவியாகிடுவ போல," என்று புருஷன் கெவ் சிரிப்பான்.

ஆறு வருடத்தில் பதினாறு லட்சத்தைத் தாண்டினாள். அந்தக் குளிர்காலத்தில் பல் பிடுங்க ஹோபார்ட் நகரத்துக்குப் போனவள், மழைக்கு நூலகத்தில் ஒதுங்கினாள். எண்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு ஒரு பழைய புத்தகம் வந்தது. அதில் ஒரு பட்டியல். பதினேழு ஒன்றுகளுக்கு நேராக இரண்டு எண்கள்: 2071723, 5363222357. அங்கேயே உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தாள். பதினேழு ஒன்றுகள் வந்தன.

கடைசி அட்டையில், புத்தகத்தை எடுத்துப் போனவர்களின் கையெழுத்து இருந்தது. ஹாரால்டுடையது 1957ஆம் ஆண்டுத் தேதியோடு.

அடுத்த வியாழன் அவள் தேநீர் ஊற்றவில்லை.

"ஹாரால்டு, இருவது லட்சத்து எழுவத்தோராயிரத்து எழுநூத்தி இருவத்தி மூணு."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "எப்போ பாத்த?"

"நீங்க பாத்து ஏழு வருஷம் கழிச்சு."

"ரெண்டே வாரத்துல உனக்கு அலுத்துடும்னு நெனச்சேன். நீயா அந்த முப்பத்துநாலக் கண்டுபிடிச்சதும் சொல்ல வாய் வரல. சொல்லிட்டா நான் இங்க வர்றதுக்கு என்ன சாக்கு?"

"டீ குடிக்க வந்திருக்கலாமே. கதவு தெறந்துதான கெடந்துச்சு. 'விடாத, வரும்'னீங்களே, எங்க வரும்னு தெரிஞ்சுகிட்டே சொன்னீங்களே!"

அவள் கதவைத் திறந்து பிடித்தாள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

நோட்டுகளை அடுப்பில் போடலாம் என்றான் கெவ். வின்னி விடவில்லை. விட்ட இடத்திலிருந்து, ஒன்றையும் தாண்டாமல், நாளொன்றுக்குப் பத்தாகவே வகுத்தாள். மேலும் ஒன்றரை வருடத்துக்கு மேல் பிடித்தது. ஒரு ஞாயிறு காலை மீதி சுழி வந்தது. அந்த நாளில் தெருவுக்கே கேட்கும்படி கூவுவேன் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தாள். இப்போது பென்சிலைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான்.

"வந்துடுச்சா?" என்றான் கெவ். "வாத்தியார்கிட்ட சொல்லிட்டு வரட்டுமா?"

"அவருக்குத்தான் தெரியுமே," என்றாள் வின்னி.