பாதி வெளியே நின்ற தீக்குச்சி

மலைப்பாதையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஊர் வைத்த பெயர் ‘பாதை’. “பாதை வர்றாரு, பாதை போறாரு” என்று பேசிக்கொள்வதைக் கேட்டுப் புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். அவருக்குச் சிரிப்பும் வராது, கோபமும் வராது. வயது அறுபதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாக வழிக்குறி தீட்டுவது, விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்குவது, மழைத்தண்ணீர் பாதையைத் தின்றுவிடாமல் ஓரத்தில் வாய்க்கால் வெட்டுவது, இவைதான் வேலை. காலில் பூட்ஸ், தோளில் ரம்பம், கையில் பெயின்ட் டப்பா. வருஷம் முந்நூறு நாள் இதே கோலம்.

அங்கே ஆற்றுக்கு இரு பக்கமும் மலை. ஒரு சரிவில் காலையிலேயே வெயில் விழுந்துவிடும். எதிர்ச்சரிவில் வெயிலடிக்க மத்தியானமாகும், பனியும் ஒரு மாதம் கூடுதலாகக் கிடக்கும். அதனால் வெயில்சரிவுக்காரர்கள், நிழல்சரிவுக்காரர்கள் என்று பெயர். பாஷை வேறு, சாமி வேறு, தொப்பி வைக்கும் தினுசுகூட வேறு. சந்தைக்குப் பொதுவாக ஒரு கலப்புப் பேச்சு உண்டு. அதில் விலை பேசலாம், வையலாம், கொஞ்சம் முயன்றால் சிநேகம்கூடப் பண்ணலாம். நடுவில் ஒரு பாலம். நல்ல காலத்தில் அதில் ஆடுகள் போகும். கெட்ட காலத்தில் கல் பறக்கும்.

இரண்டு சரிவுப் பாதைகளும் மேலே ஏறி ஓரிடத்தில் சேர்கின்றன. அங்கே ஒரு குடில். ஒரே அறை, இரண்டு பலகைக் கட்டில், ஓர் இரும்பு அடுப்பு. அந்தக் குடிலுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. தங்கிவிட்டுப் போகிறவன் அடுத்து வருகிறவனுக்காக அடுப்பை அடுக்கி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அடியில் மரப்பட்டை, மேலே சிராய், அதற்கு மேல் சுள்ளி, கடைசியில் பிளந்த விறகு. பத்து நிமிட வேலை. விரல் விறைத்து வருகிறவனால் விறகு பிளக்க முடியாது. ஒரு குச்சி உரசத்தான் முடியும், அந்த ஒரு குச்சியில் அடுப்பு பற்றிக்கொள்ள வேண்டும். வருகிறவன் எந்தச் சரிவுக்காரன் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. பாதை இதில் ஒரு படி மேலே போவார். தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியைப் பாதி வெளியே நீட்டி, மீதியைப் பெட்டியோடு இறுக்கி மூடி வைப்பார். விரல் வேலை செய்யாவிட்டாலும் பல்லால் இழுத்துக்கொள்ளலாம் பாருங்கள். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

அவர் நிழல்சரிவுக்காரர். ஆனால் பத்தொன்பது வருஷமாக, வேலைக்குப் போகும்முன் தினமும் காலையில் பாலத்தைக் கடந்து வெயில்சரிவுக்குப் போனார். போய்வரப் பத்து நிமிடம் சுற்று. பாலத்தை ஒட்டிய முதல் வீடு பழைய தபால்காரருடையது. பனியில் விறைத்துப்போய் இரண்டு கையிலும் கட்டைவிரல் தவிர மற்ற எல்லாமே பாதியோடு போய்விட்ட மனிதர். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுவாள். அவளுக்கு முட்டிவலி, குனிய முடியாது. அதனால் ஷூவுக்கு லேஸ் கட்டுவது மட்டும் பாதையின் பொறுப்பு. தபால்காரர் வாசல்படியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். இவர் மண்டியிட்டுக் கட்டுவார். “இறுக்கிட்டே, தபால் கழுதைக்கே இவ்வளவு இறுக்க மாட்டாங்க” என்பார் அவர். இவர் கொஞ்சம் தளர்த்துவார். அப்புறம் ஒரு டீ. அவ்வளவுதான்.

ஊர் அதைப் பார்த்து உருகிப்போனது. இரண்டு சரிவுப் பள்ளிக்கூடத்திலும் வாத்தியார்கள் இவர்கள் கதையைப் பாடமாகச் சொன்னார்கள். பாதையின் வீட்டில் மட்டும் வேறு பேச்சு. கூடவே இருந்த அண்ணி, அதாவது செத்துப்போன அண்ணனின் மனைவி, பாலத்தை ஒருநாளும் தாண்டாதவள். “புருஷனைப் பறிகொடுத்தவ இங்க உக்காந்திருக்கேன். இவரு அவங்க வாசல்ல போயி மண்டி போடுறாரு” என்பாள். பாதை பூட்ஸை மாட்டுவார்.

அந்த அண்ணன் லாரி டிரைவர். கலவர வருஷத்தில் மேய்ச்சல் நிலத்தில் தொடங்கிய சண்டை பாலத்துக்கு வந்தபோது, வெயில்சரிவுக்காரர்கள் அவனை லாரியிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தான். பாதை அழவில்லை. கொள்ளி வைத்த மறுநாள் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். கல்நெஞ்சுக்காரன் என்றார்கள். கல்லுமில்லை, ஒன்றுமில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறதே, அந்த மாதிரி ஆகிவிட்டது. காலென்றால் உதறினால் சரியாகிவிடும்.

மூன்று வாரம் கழித்துக் குடிலின் கூரையைச் சரிபார்க்கப் போய் ஓரிரவு தங்கினார். காலையில் கிளம்பும்போது வழக்கம்போலத் தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியைப் பாதி நீட்டி அலமாரியில் வைத்தார். அடுத்து விறகுக்காகத் திரும்பியவர் ஜன்னல் வழியே பார்த்தார். கீழே வளைந்து வளைந்து ஏறும் பாதையில், வெயில்சரிவுத் தொப்பியோடு தபால்காரர் வந்துகொண்டிருந்தார். மலைக்கு அந்தப்புறக் குடியிருப்புகளுக்கு வாரம் ஒருமுறை தபால் கொண்டுபோகிற நாள். மேற்கே மேகம் கறுத்திருந்தது. அதையும் பார்த்தார்.

அடுப்பு காலியாக இருந்தது. பத்து நிமிட வேலை. அவர் செய்யவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நிழல்சரிவு வழியே இறங்கிவிட்டார். அவன் சாக வேண்டும் என்று நினைத்தாரா என்றால், இல்லை. ‘அவனே அடுக்கிக்கட்டும்’ என்று நினைத்தார். நினைத்தது அவ்வளவுதான், சத்தியமாக அவ்வளவுதான்.

மத்தியானம் பனி கொட்டியது. மறுநாள் காலை, தபால் வந்து சேரவில்லை என்று அந்தப்புறத்திலிருந்து போன் வந்தது. வெயில்சரிவில் தேடும் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது, நிழல்சரிவில் யாரும் அசையவில்லை. பாதை மட்டும் கயிற்றை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஏறினார். குடிலில் காலியான அடுப்புக்கு முன்னால், கைகளைக் கக்கத்தில் திணித்துக்கொண்டு தபால்காரர் உட்கார்ந்திருந்தார். ஓடை கடக்கும்போது விழுந்து கையுறை நனைந்துவிட்டதாம். தரையெல்லாம் சிதறிய தீக்குச்சிகள். பாதை அவரை முதுகில் கட்டிக்கொண்டு பாலம் வரை இறங்கினார். அந்தப் பாலத்தில் இரண்டு பக்கத்து ஜனமும் நின்று பார்த்தது. அண்ணனைப் பறிகொடுத்தவன் அந்தச் சரிவுக்காரனைச் சுமந்து வருகிறான் என்றதும், கையில் கல் வைத்திருந்தவனுக்கே வெட்கமாகிவிட்டது. கலவரம் அன்றே தணிந்துவிடவில்லை, ஆனால் தணியத் தொடங்கியது அன்றுதான்.

அடுப்பை அடுக்காமல் போனது யார் என்று கேட்டபோது, வெளியூரிலிருந்து மலை பார்க்க வந்த பயல் எவனோ என்று முடிவாகிவிட்டது. வெளியூர்க்காரன்மேல் பழியைப் போடுவதில் மட்டும் இரண்டு சரிவுக்கும் எப்போதும் ஒற்றுமை உண்டு. பாதையும் மறுக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். ஊரே சேர்ந்து சோறு போட்டால் அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்றும் சொல்வார்கள். இவருடையது குறுகுறுக்கவுமில்லை. வீட்டில் சாப்பிட்டார், தூங்கினார், மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார், எதிலும் எதுவும் படவில்லை. காலையில் அந்த வாசலில் மண்டியிட்டு லேஸை இழுக்கும் இரண்டு நிமிடம் மட்டும் கையில் ஏதோ உணர்ச்சி இருந்தது. அது போய்விட்டால் தன்னிடம் வேறொன்றும் மிச்சமில்லை என்று அவருக்குத் தெரியும்.

இந்த வருஷம் சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். குடில் சுவரில் இருவர் படத்தோடும் பித்தளைப் பலகை பதிக்கப்போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை விழா, இரு பக்கத்துப் பெரியவர்களும் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். பாதை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அடக்கம் என்று அதையும் புகழ்ந்து எழுதிக்கொண்டு போனார் அந்த அம்மாள். தபால்காரருக்கோ திடீரென்று ஒரு பிடிவாதம். பலகை எங்கே வருகிறது என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும், கூட்டிக்கொண்டு போ என்றார். அந்த நாளுக்குப் பிறகு அவர் மலையேறியதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். வழியெல்லாம் தபால்காரர் பேச்சு. எந்த வீட்டுக்கு எந்தக் கடிதம் வரும், எந்த மாமியார் மருமகள் கடிதத்தைப் பிரித்துப் படிப்பாள் என்று. குடிலுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. பலகைக்காகச் சுவரில் சாக்பீஸால் போட்டிருந்த கட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். பாதை அடுப்பு மூட்டித் தண்ணீர் சுட வைத்து, இருவரும் குடித்தபின் சாம்பலை அள்ளிக் கொட்டினார். பிறகு அடுப்பை அடுக்கினார். பட்டை, சிராய், சுள்ளி, விறகு. கடைசியில் தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைப் பாதி நீட்டி மூடினார். கை தானாகச் செய்தது.

“அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு,” என்றார் தபால்காரர்.

பாதை தீப்பெட்டியை அலமாரியில் வைத்தார்.

“குச்சி பாதி வெளியே நின்னுச்சு. பல்லால இழுத்தேன். ரெண்டு கட்டைவிரலுக்கும் நடுவுல வெச்சு உரசினேன், பத்திக்கிச்சு. வைக்கத்தான் எடம் இல்ல. கையைச் சுட்டுச்சு, அதுகூடத் தெரியல.”

வெளியே காற்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. தபால்காரர் நிதானமாகவே பேசினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வருஷமே, வாசலில் இவர் சிகரெட் பற்றவைத்துவிட்டு, அடுத்த குச்சியைப் பாதி நீட்டிப் பெட்டியை மூடும் அந்தப் பழக்கத்தைப் பார்த்துவிட்டாராம். அன்று ராத்திரி முழுக்க யோசித்தாராம். குச்சியை வைத்தவன் அடுப்பை அடுக்காமல் போவானா? அண்ணன் செத்த துக்கத்தில் மறந்திருப்பான், மனுஷன்தானே என்று தேற்றிக்கொண்டாராம். மறுநாள் காலை இவர் வந்தார், அவர் வழக்கம்போலக் காலை நீட்டினார்.

“உனக்கு மறந்துபோச்சுன்னுதான் நான் மனசுல வெச்சிருக்கேன். இத்தனை வருஷமா அப்படித்தான். ஞாயித்துக்கிழமை இந்த அடுப்பு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை உன் வாயால கேட்டுக்கறேன். மறந்துட்டேதானே?”

கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல், அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு உண்மையே பேச வேண்டும் என்ற பெரிய கொள்கையெல்லாம் காரணமில்லை. அந்தப் பொய்யைத் தேடிப் பார்த்தார், வாய்க்குள் அது இல்லை.

“மறக்கல,” என்றார் பாதை. “நீ வர்றதைப் பாத்தேன். ஜன்னல்லேருந்து.”

தபால்காரர் தலையை ஆட்டினார், விலாசம் சரிதான் என்பதுபோல. கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, “மழை வரும், எறங்கலாம்,” என்றார்.

பாதி வழியில் அவருடைய இடது லேஸ் அவிழ்ந்துவிட்டது. அவருக்குத் தெரியாமல் இருக்காது. நிற்கவில்லை. சேற்றில் இழுபட்டுக்கொண்டே அது பாலம் வரை வந்தது. பின்னால் வந்த பாதை அதைப் பார்த்துக்கொண்டே நடந்தார், ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாரோ என்னவோ.

சனிக்கிழமை காலை வழக்கமான நேரத்துக்குப் பாதை பாலத்தைக் கடந்தார். போகலாமா வேண்டாமா என்று யோசித்ததாகச் சொல்ல முடியாது, கால் போயிற்று. தபால்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். இவர் பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்து மண்டியிட்டார். குனிந்த பிறகுதான் பார்த்தார், கட்டுவதற்கு ஒன்றுமில்லை. லேஸ் இல்லாத, அப்படியே காலை நுழைத்துக்கொள்கிற கறுப்பு ஷூ. புதுசு. ஓரத்தில் விலைச்சீட்டு ஒட்டியிருந்த தடம்கூடப் போகவில்லை.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தபால்காரரின் மனைவிதான் பேசினாள். “மக வாங்கிட்டு வந்தது அண்ணே, எட்டு வருஷம் இருக்கும். இவருதான் தொட மாட்டேன்னு பெட்டியிலேயே வெச்சிருந்தாரு. எதுக்கு அதெல்லாம், பாதை வந்து கட்டிவிடுவான்னு சொல்லிக்கிட்டு. இன்னைக்கு என்னமோ எடுத்துக்குடுன்னாரு.” அவளுக்கு விஷயம் தெரியாது. சந்தோஷமாகவே சொன்னாள். டீ கொண்டுவர உள்ளே போனாள்.

பாதை மண்டியிட்டபடியே இருந்தார். கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

“நாளைக்கு விழாவுக்கு வந்துடறேன்,” என்றார் தபால்காரர். “பக்கத்துலயே நிக்கறேன். பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ஜனங்க அதைத்தான் நம்பிக்கிட்டிருக்காங்க. அதை உடைக்க நான் யாரு.” காலை உள்ளே இழுத்துக்கொண்டார். “இனிமே நீ சுத்திக்கிட்டு வர வேண்டாம். நேரா மேல போயிடு.”

பாதை எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். டப்பாவை எடுத்துக்கொண்டார். டீ வரும்வரை நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டோ நன்றாக வந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், பின்னால் பித்தளைப் பலகை மின்னுகிறது. தபால்காரரின் கறுப்பு ஷூவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பாதை பாலத்துப் பக்கம் போகவில்லை. நேராக ஏறினார். குடிலில், விழாவுக்கு வந்தவர்கள் விறகையெல்லாம் எரித்துவிட்டு அடுப்பைக் காலியாக விட்டுப் போயிருந்தார்கள். வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாக வந்திருந்ததால், அடுக்கி வைக்க நேரம் இருந்தது.