தேவதாசன் இல்லாத விடியற்கால ஆராதனை

தேவதாசனிடம் மைக்கைக் கொடுப்பது லேசு, திருப்பி வாங்குவதுதான் பெரும்பாடு. டென்மார்க்கின் பிரெடெரிசியா தமிழ்ச் சபையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் தேவதாசன்தான்.

இரும்புத் தொழிற்சாலையில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு மேலாளரையும் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அங்கே அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து உயிர்த்த ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரையில் கொட்டுவார். இருட்டோடு சனத்தைக் கூட்டி, சூரியன் எழும்புகிற நேரத்தில் பிரசங்கம் செய்கிற அந்த ஆராதனையைத் தொடக்கியவரே அவர்தான். போதகர்மார் வந்தார்கள், போனார்கள். அந்தக் காலை மட்டும் தேவதாசனுக்கென்றே இருந்தது. சூரியன் எழும்பி மேலே ஏறிவிடும், தேத்தண்ணீர் ஆறிவிடும், சனம் குளிரில் கால் மாற்றி மாற்றி நிற்கும். பிரசங்கம் மட்டும் முடியாது.

அப்பேர்ப்பட்ட மனிதரை உயிர்த்த ஞாயிறுக்குக் கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பல் ஏற்றினார்கள் என்றால் யார் நம்புவது? மகன் காலேப்தான் டிக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினான். கல்யாண நாள் பரிசாம்.

"ஈஸ்டருக்கோ? அப்ப ஆராதனையை ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன் அப்பா. ஒரு வருஷந்தானே," என்றான் காலேப்.

முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாத மனைவி இன்பமலர், "எனக்குப் போகோணும் போலை கிடக்கு," என்றாள். அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை.

அந்த வருடம் கிரேக்கருடைய பண்டிகையும் நம்முடையதும் ஒரே நாளில் விழுந்தன. சனி இரவு கப்பல் நின்ற தீவில் ஒரே வெடியும் மெழுகுதிரியும் மணியோசையும்தான். ஒரு பிரசங்கமும் இல்லாமல் வெடி கொளுத்தி என்ன உயிர்த்தெழுதல் என்று முணுமுணுத்தபடி தேவதாசன் போய்ப் படுத்துவிட்டார்.

காலையில் சாப்பாட்டு மண்டபத்தில் மேசைக்கு மேசை சிவப்புச் சாயம் பூசிய முட்டைகள். ஒருவர் முட்டையோடு மற்றவர் முட்டையை மோதி உடைக்கவேண்டும் என்று பரிமாறுகிற பெண் வந்து காட்டிவிட்டுப் போனாள். தேவதாசன் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துச் சபையின் நேரலையைத் திறந்தார். கப்பலில் வெயில் ஏறிவிட்டது, டென்மார்க்கில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. தான் இல்லாமல் மகன் தடுமாறுவதைப் பார்க்க அவருக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

பார்த்தவர் திடுக்கிட்டுப் போனார். கரை முழுக்கச் சனம். அவர் பேசிய ஒரு வருடமும் இதில் பாதிச் சனம்கூட நின்றதில்லை. போர்வை சுற்றிய குழந்தைகள், சபைப் பக்கமே எட்டிப் பார்க்காத இளவட்டப் பெடி பெட்டைகள். காலேப் பாதி டேனிஷிலும் பாதி தமிழிலும் நாலு வார்த்தை சொன்னான். ஒரு பாட்டு, ஒரு ஜெபம். சூரியன் முழுதாக வெளியே வருமுன்னே ஆமென் சொல்லிவிட்டார்கள்.

"இவ்வளவுதானோ? இதுக்கோ இவ்வளவு சனம்?" என்றார் தேவதாசன்.

இன்பமலர் திரையில் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். பிறகு விரலை நீட்டி, "அங்கை," என்றாள்.

தேத்தண்ணீர் மேசைக்குப் பின்னால் ஹன்னா நின்றாள். அவர்களுடைய மகள். பக்கத்தில் அவளுடைய டேனிஷ்காரன், அவன் தோளில் குழந்தை. சபைச் சனம் அவளைச் சுற்றி நின்று சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தது.

தேவதாசன் போனைக் கிட்ட இழுத்துப் பார்த்தார். கல்யாணம் கட்டாமல் அவனோடு குடிபோனவள், அதோடு கடவுளையும் விட்டுவிட்டாள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தார். கேட்கிற ஆட்களுக்கு, ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஓயாத வேலை என்று சொல்லிச் சமாளித்தும் வந்தார்.

"இவள் எப்பிடி வந்தவள்?"

"நீங்கள் இல்லை எண்டு தெரிஞ்சு வந்தவள்."

"என்ன கதை கதைக்கிறாய்?"

"அவள் கடைசியா வந்த அண்டைக்குக் கரையிலை மைக்கைப் பிடிச்சு என்ன சொன்னனீங்கள்? எங்கடை வீடுகளிலையும் எழும்பாத பிரேதங்கள் கிடக்கு எண்டு. முழுச்சனமும் திரும்பி ஆரைப் பாத்தது?"

"அது பிரசங்கம். எல்லாருக்கும் பொதுவாச் சொன்னது."

"பிள்ளை எனக்குப் பக்கத்திலைதான் நிண்டவள். அவள் என்ரை கையை விட்டிட்டுப் போனது எனக்குத்தான் தெரியும்."

நல்ல பிரசங்கம் என்று அன்றைக்குத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனது தேவதாசனுக்கு ஞாபகம் வந்தது.

"கப்பல் காலேப்பின்ரை யோசனை இல்லை. நான்தான் அவனைக் கேட்டனான்," என்றாள் இன்பமலர். குரல் உயரவில்லை. "அவளை வீட்டிலை போய் நான் பாக்கிறனான்தான். அது காணாது. சனத்துக்கு முன்னாலை செத்தவள் எண்டு சொன்னனீங்கள். அதே சனத்துக்கு முன்னாலை அவள் வந்து நிக்கோணும்."

"அதுக்கு என்னை ஏமாத்திக் கூட்டிக்கொண்டு வந்தனியோ?"

"ஓம். ஏமாத்தித்தான்."

கட்டிய நாள் தொட்டு அவரை ஒரு பொய்யும் சொல்லி ஏமாற்றாதவள். கோபம்தான் முதலில் வந்தது. அது எழும்பி வருவதற்குள் வேறொன்று அவரை அடித்தது.

"அப்ப நீ ஏன் வந்தனி? நீ அங்கை அவளோடை நிண்டிருக்கலாமே."

"தனியப் போங்கோ எண்டால் போயிருப்பியளோ?"

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பவும் போனைப் பார்க்கத் தொடங்கினாள். நடுக்கடலில் சிக்னல் இழுபட்டு, படம் அசையாமல் நின்றது. ஹன்னாவின் முகம் பாதி கலங்கிப்போய்க் கிடந்தது. இன்பமலர் கைலேஞ்சியால் திரையைத் துடைத்தாள். துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். தான் கேட்டு வாங்கிய காலையை, மகள் சனத்தின் நடுவே நின்ற அந்தக் காலையை, அவள் உள்ளங்கை அகலத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவதாசனுக்கு வெட்கமாக இருந்தது. தாங்க முடியாத வெட்கம்.

கொஞ்ச நேரத்தில் காலேப் அழைத்தான்.

"பாத்தனீங்களோ அப்பா? கோவமோ?"

"அடுத்த வருஷமும் ஈஸ்டருக்கு எனக்குக் கப்பல் போடு."

"உண்மையாவோ? அவ்வளவு பிடிச்சிருக்கோ?"

"ஒரு ஆளுக்குப் போட்டால் காணும்," என்றார் தேவதாசன். "அம்மா உங்களோடை கரையிலை நிக்கட்டும்."