வெள்ளைச் சீட்டில் வைத்த பொட்டு

எங்கள் ஆபீஸில் இருபத்திரண்டு கம்ப்யூட்டர். தினமும் துடைப்பவன் நான் என்பதால் அந்த எண்ணிக்கை தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். திருச்சி சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், லாரி பார்சல் கம்பெனி. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போய் வருவேன். பாலத்தில் பஸ் ஊர்ந்தால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கு ஒன்றுமில்லை, காவிரியில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே போவேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டேன், கம்ப்யூட்டருக்கு வருகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் எனக்கு வெறும் கோடுதான். வயது அறுபத்தெட்டு. ஆனி மாதம் மேனேஜர் மனது வைத்து வேலையை நீட்டித்து லெட்டர் கொடுத்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடும்.

ஸ்டோர் பொறுப்பில் பாலக்கரையிலிருந்து ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். முஸ்லிம் குடும்பம். ஒரு பேனா வாங்கினாலும் அவர் ரிஜிஸ்டரில் ஏறிய பிறகுதான் யார் மேஜைக்கும் போகும்.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வைப்பது என் வேலை. அவர் மேஜைக்குப் புது கம்ப்யூட்டர் வந்த வருஷம், வைக்கலாமா கூடாதா என்று சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். அவரே பார்த்துவிட்டார்.

"ஏண்ணே, என் பொட்டி மட்டும் உழைக்கலயா? முன்னாடி வேணாம், பின்னாடி வச்சு விடுங்க."

திருப்பினேன். கறுப்புப் பெட்டியில் ஏதோ பொடிக் கோடுகளோடு ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது, நெற்றி மாதிரி. அதில் வைத்தேன். அப்புறம் எட்டு வருஷமும் அதே இடம்தான். பழைய பொட்டை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் புதுசு வைப்பேன். சுத்தம் பார்க்கிறவன் நான்.

போன வருஷம், எல்லாவற்றையும் மாற்றிப் புதுசு போடப் போகிறோம் என்றார்கள். மாற்றும் முன் எந்த மிஷினில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க அரியமங்கலத்திலிருந்து ஒரு சர்வீஸ்காரர் வந்தார். அன்றைக்குத்தான் அந்த அம்மாவுக்குக் கடைசி நாள். ரிஜிஸ்டரில் உள்ளதெல்லாம் சரியாக இருந்தால் சாயங்காலம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

சர்வீஸ்காரர் தன் லேப்டாப்பில் ஒயரைச் செருகி உட்கார்ந்த இடத்திலேயே எல்லா மிஷினையும் பார்த்துவிட்டார். வயசு, வலு, நம்பர் எல்லாம் அவர் திரையில் வந்தன. வந்தது இருபத்தொன்று. அந்த அம்மாவுடையது மூன்று நாளாக உயிர் வராமல் கிடந்தது.

"பரவால்ல, பின்னாடி ஸ்டிக்கர்ல நம்பர் இருக்கும்" என்று அதைத் திருப்பினார். வெள்ளைச் சீட்டில் ஒரு எழுத்து இல்லை. "யாரோ தேச்சு எடுத்திருக்காங்க சார்."

மேனேஜர் அந்த அம்மாவைப் பார்த்தார். "நல்ல மிஷின வெளிய தள்ளிட்டு ஓட்ட மிஷின வச்சாதான் மேடம் இப்படி நம்பர அழிப்பாங்க."

அந்த அம்மா ரிஜிஸ்டர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். டீ தட்டோடு நானும் நின்றேன். ஆனி மாத லெட்டர் நினைவுக்கு வந்தது. பிறகு தட்டைக் கீழே வைத்தேன்.

"சார், நான்தான் அழிச்சேன். வருஷா வருஷம் அதுல பொட்டு வச்சுத் தொடச்சேன். அது நம்பர்னு தெரியாது சார்."

"உங்கள யாருய்யா அங்க வைக்கச் சொன்னா?" என்று மேனேஜர் கத்தினார்.

சர்வீஸ்காரருக்குச் சிரிப்பு. "இருங்க சார், உள்ளயும் அந்த நம்பர் பதிஞ்சிருக்கும்" என்று பக்கத்து மிஷினின் பவர் பெட்டியைக் கழற்றி இதில் மாட்டினார். விசிறி சுற்றியது. திரையில் எழுத்து வந்தது. அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, அந்த அம்மா ரிஜிஸ்டரில் விரலை நகர்த்தினார். எனக்குப் புரிந்தது நடுவே வந்த இலக்கங்கள் மட்டும்தான். கடைசி இலக்கத்தில் விரல் நின்றது.

"சரியா இருக்கு."

மேனேஜர் கையெழுத்துப் போட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம்."

"இல்ல சார். வேணும்னா இன்னொரு தடவ ஒத்துப் பாத்துக்குங்க" என்றார். அவர் குரலை அவ்வளவு விறைப்பாக நான் கேட்டதில்லை.

சாயங்காலம் அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் கூடப் போனேன். மனசு அடங்காமல் கேட்டேன். "ஏம்மா, உங்களுக்குத்தான் அது தெரியுமே. அவர் அப்படிப் பேசறப்ப ஏன் சும்மா நின்னீங்க?"

"வாயத் தொறந்தா உங்க பேருதானேண்ணே வரும்? நான் இன்னையோட போறவ. நீங்க நாளைக்கும் அவர் மூஞ்சில முழிக்கணும்."

"திருட்டுப் பட்டமே கட்டியிருப்பாங்களே!"

"கட்டியிருந்தா நாளைக்கு வந்து சண்ட போட்டிருப்பேன். நீங்கதான் அதுக்குள்ள அவசரப்பட்டுட்டீங்க."

பாலக்கரை பஸ் வந்தது. பையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, ஒண்ணாம் நம்பர் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.