உப்பு மூன்றாவது லைனில்

மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்கும் என் அத்தானுக்கு ஓடுகிற ரயில் பிடிக்காது. பெட்டிகளை முன்னும் பின்னும் இழுத்து வரிசை மாற்றுகிற ஷண்டிங் யார்டுதான் பிடிக்கும். கைக்காசு போடாமல் குட்டியாக ஒன்றைச் சாப்பாட்டு மேஜையிலேயே கட்டிவிட்டார். தண்டவாளம் வீட்டுக் குடைகளின் கம்பி. சக்கரம் அவருடைய சட்டைப் பொத்தான். பெட்டிகள் உப்பு, சர்க்கரை, மிளகு டப்பாக்கள். மழை வந்தால் அக்கா வெறும் குடைத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுவாள். அத்தான் நெஞ்சு நெடுக ஊக்கு குத்திக்கொண்டு கடைக்குப் போவார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிடப் போனேன். பருப்பில் உப்பில்லை.

"உப்பு மூணாவது லைன்ல நிக்குது மாப்ள," என்றார் அத்தான். "அதுக்கு முன்னால சர்க்கரை நிக்குது. சர்க்கரைய ரெண்டாவது லைனுக்குத் தள்ளணும். அங்க மிளகு நிக்குது."

"நான் கையாலயே எடுத்துக்கறேன் அத்தான்."

"லைன்ல கை வைக்காத. விபத்தாயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய ஷேவிங் மெஷினின் மோட்டாரில் ஓடும் எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. உப்பு வந்து சேர்ந்தபோது நான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தேன். அத்தான் முகத்தில் ஊரையே காப்பாற்றிய களை.

"இப்ப எனக்குப் போடு," என்று உட்கார்ந்தார்.

சமையலறையிலிருந்து அக்கா சொன்னாள்: "உங்க தட்டு ஆறாவது லைன்ல நிக்குது. முன்னால கழுவாத பாத்திரம் நிக்குது. அதை நகர்த்தினாத்தான் தட்டு வரும்."

சண்டை வரும் என்று காத்திருந்தேன். அவர் எழுந்துபோய்ச் சமையலறை வாசலில் விறைப்பாக நின்றார்.

"கொடி காட்டாம எப்படி நகர்றது?"

அக்கா கரித்துணியை ஆட்டினாள். அத்தான் வாயாலேயே ஒரு கூவல் விட்டு, பின்பக்கமாகவே நடந்து, பாத்திரத் தொட்டியில் மெல்ல முட்டி நின்றார்.