அர்ஷாத் காக்காவும் ஓடாத ஒரு கேமும்

கைக்கம்பியூட்டரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார் அர்ஷாத் காக்கா. உள்ளே பிஸ்கட் அளவு விசிறியொன்று சுற்றுகிறது. அதைத்தான் கேட்கிறார். வயல் மோட்டாருக்குள் சுழலும் பெயரிங்கையும் இதே காதால், இதே முகத்தோடுதான் கேட்பார். அந்த நேரத்தில் கடைக்கு வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது. யாராவது இருமினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பார்.

"கடல்காத்துக் குடிச்சிரிக்கி," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அதைக் கீழே வைக்கிறார். "உப்புப் படிஞ்சா விசிறி இறுகும். விசிறி இறுகினா சூடு. சூடு வந்தா மெசின் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். மறுகா பொடியனுகள் கேம் சரியில்ல எண்டு கேம் செஞ்சவனுக்கு ஏசுவானுகள்."

கல்முனை பஸாரில் வைண்டிங் கடை எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். எரிந்துபோன தண்ணீர் மோட்டாரின் செப்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பது அவருடைய தொழில். சவளக்கடைப் பக்கத்து வயற்காரர்கள் மோட்டாரை மோட்டார்சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார்கள். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்; அர்ஷாத் காக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. விரல் நுனியில் ஏறிய வார்னிஷ் மஞ்சள் எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. கடையின் பின்பக்கம், ஒரு திரைச்சீலைக்கு அப்பால், சின்ன மேசையொன்று உண்டு. அதன் மேல் மோட்டார் வைக்க யாருக்கும் அனுமதியில்லை.

அந்த மேசைக்கு உரியது கைக்கம்பியூட்டர். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பிடித்து விளையாடப் பொத்தான்கள், உள்ளே முழுசாக ஒரு கம்பியூட்டர். கட்டாரிலிருந்து லீவில் வந்த ஒருவரிடம் இரண்டு வருடத்துக்கு முன் பழையதாக விலைக்கு வாங்கினார். வாங்கிய மறுநாளே மெசினை இயக்கிய விண்டோஸை அழித்துவிட்டு அதனிடத்தில் லினக்ஸ் போட்டார். அன்றிலிருந்து கல்முனையில் அவருடைய அபிப்பிராயத்துக்குத் தப்பியவர்கள் குறைவு. நான் பள்ளிக்கூட வாத்தியார். என் கிணற்று மோட்டார் எரிந்த பாவத்துக்கு நானும் மாட்டினேன்.

அவருடைய முதல் அபிப்பிராயம் பாங்கு சம்பந்தப்பட்டது. "பாங்கு சொன்னா ஒரு அமத்தல். மெசின் தூங்கணும். தொழுதிட்டு வந்து இன்னொரு அமத்தல். விட்ட இடத்தில லொறி அப்படியே நிக்கணும். தூங்கத் தெரியாத மெசின் எனக்கு வேணாம்." அவர் விளையாடுவது லொறி ஓட்டும் கேம். கொழும்பைத் தாண்டிப் போயிராத மனிதர் எங்கோ பனி பெய்யும் நாட்டில் மரம் ஏற்றிப் போகிறார். வேகக் கட்டுப்பாட்டை மீறமாட்டார். சிக்னல் போடாமல் திரும்பமாட்டார். இதில் என்ன விளையாட்டு இருக்கிறதென்று ஒருநாள் கேட்டுவிட்டேன். மூன்று நாள் என் மோட்டாரைத் தொடவில்லை.

இரண்டாவது அபிப்பிராயம் வாட்டு, அதாவது மெசின் குடிக்கும் மின்சாரம். மற்றவர்கள் படத்தின் அழகைப் பற்றிக் கதைப்பார்கள். இவர் லோட் பற்றிக் கதைப்பார். "செக்கனுக்கு அறுபது படம் வேணும் எண்டு நிக்கானுகள். நாப்பது போதும் சேர். நாப்பதில வெச்சா பெட்டரி ரெண்டரை மணித்தியாலம் நிக்கும், கையும் சுடாது. அறுபது கேட்டா அடுப்பைத் தூக்கி மடியில வெச்ச மாதிரி." மின்சாரத்தோடு முப்பது வருடம் மல்லுக்கட்டிய ஆள்.

லினக்ஸில் எப்படி அந்தக் கேமெல்லாம் ஓடுகிறது என்று கேட்டால் முகம் மலரும். "கச்சேரியில இரிந்து அரசாங்கக் கடிதம் சிங்களத்தில வந்தா நாம என்ன செய்ற? பக்கத்தில ஒரு ஆளை வெச்சுத் தமிழில கேட்டுக்கொள்ற. அதுதான் இது. கேம் விண்டோஸ் பாசை கதைக்கும். என்ட மெசினுக்கு லினக்ஸ் பாசைதான் விளங்கும். நடுவில ஒருத்தன் இரிந்து சொல்லிக் குடுக்கான். நல்லாச் சொல்லுவான். சில நேரம் அசலை விட வேகமாவும் சொல்லுவான்." பிறகு குரலைக் கொஞ்சம் இறக்குவார். "ஆனா சில கேமுக்கு வாசல்ல காவல்காரன் நிக்கான், கள்ள ஆட்டம் பிடிக்கிறதுக்கு. அவன் இந்த நடு ஆளை நம்பமாட்டான். உள்ள விடமாட்டான். அது ஓடாது. ஓடாததை ஓடும் எண்டு சொல்ற வேலை என்னட்ட இல்ல." இந்த நேர்மைக்காகவே பொடியன்கள் இவரிடம் வருகிறார்கள். அக்கரைப்பற்றிலிருந்துகூட மெசினைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இவ்வளவு வாய் உள்ள மனிதர் தன் வீட்டில் மட்டும் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. காரணம், மருமகன்.

எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். வீடு மகளுக்கு. மருதமுனையில் எட்டு வருடம் கல்லாகவும் சீமெந்தாகவும் சேர்த்துக் கட்டிய வீட்டை மகள் ஸம்றாவின் பெயருக்கு எழுதிவிட்டு, அர்ஷாத் காக்காவும் மனைவி கமீலாவும் பின்பக்கத்து இரண்டு அறைக்கு நகர்ந்துகொண்டார்கள். மருமகன் மிஹ்லாருக்கு அக்கரைப்பற்றில் ஒரு மருந்துக்கடையில் வேலை. மரியாதையான பிள்ளை. மரியாதை கொஞ்சம் கூடிப்போனதுதான் கோளாறு. மருமகன் ஹோலுக்குள் வந்தால் மாமா எழும்பிப் பின்னால் போய்விடுவார். மாமா இருக்கும் சத்தம் கேட்டால் மருமகன் அறைக்குள் போய்விடுவார். வேலை முடிந்து வந்ததும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெளியே கிளம்பினால், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார். கலியாணமாகி நான்கு மாதத்தில் இருவரும் கதைத்தது ஸலாமும், "கரண்ட் போயிட்டா?" என்ற கேள்வியும்தான் என்று கமீலா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் ஸம்றா வாப்பாவின் முன்னால் வந்து நின்று அழுதிருக்கிறாள். மிஹ்லார் அக்கரைப்பற்றில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறாராம். வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்காரருக்கு முடிவு சொல்லப் போகிறாராம். வேலைக்குத் தூரம் என்பது வெளியில் சொல்லும் காரணம். "இந்த ஊட்ட என்னோட ஆரும் கதைக்கிறல்ல" என்பது உள்ளே இருக்கும் காரணம். மகளுக்கென்று கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு மாப்பிள்ளை மகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஊர் சும்மா இராது. ஆனால் ஊரை அல்ல, மகளைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அன்று என் மோட்டாருக்குக் கம்பி சுற்றும்போது சுற்றை இரண்டு தரம் பிழையாக எண்ணினார். அவர் பிழையாக எண்ணி நான் பார்த்ததில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த வாரம்தான் றஸ்மி என்ற இளைஞர் ஒரு கைக்கம்பியூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். கூட்டாளியுடையதாம். விசிறி கத்துகிறதாம், சூடாகிறதாம். லினக்ஸ் போட்டுத் தர வேண்டுமாம். ஆனால் ஒரு ஃபுட்போல் கேம் மட்டும் கட்டாயம் ஓட வேண்டுமாம். சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அர்ஷாத் காக்கா மெசினின் பொத்தானை அமத்தினார். திரை எழும்பியது. திரையில் இருந்த படத்தில் கலியாணச் சோடனையோடு ஸம்றா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தார். துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது.

"சேர், என்ட மருமகன் கேம் விளையாடுறார்," என்றார் கடைசியில்.

ஸம்றாவுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டார்; கொஞ்சம் கொஞ்சமாக விசயம் வெளியே வந்தது. கலியாணம் பேசிய நாளிலேயே இவர் வீட்டாருக்குக் கட்டளை போட்டிருக்கிறார், மாமனார் கேம் விளையாடுகிற ஆள் என்று மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று. ஸம்றா வாக்குக் கொடுத்திருக்கிறாள். அங்கே அவளுடைய மாப்பிள்ளை வேறு வாக்கு வாங்கியிருக்கிறார், மாமாவுக்குத் தெரியக் கூடாது என்று. அதையும் கொடுத்திருக்கிறாள். மாமா கடைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்து விளையாட, மருமகன் றஸ்மியின் வீட்டில் ஒளித்து விளையாட, நடுவில் இரண்டு சத்தியத்தையும் காப்பாற்றிக்கொண்டு அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்திருக்கிறாள். மரியாதை என்று பெயர் வைத்து இப்படியும் ஒரு குடும்பத்தைக் குழப்பலாம் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

"சத்தம் போடாம றஸ்மிட கையில திருப்பிக் குடுத்திடுங்களன்," என்றேன். யாருக்கும் வெட்கமில்லாத வழி அதுதான்.

"மாட்டன்," என்றார். "விண்டோஸ் கேமை லினக்ஸில ஓட வெச்சவனுக்கு ஒரு மருமகனைக் கதைக்க வைக்க ஏலாதா?"

மூன்று நாள் அந்த மெசினோடு இருந்தார். விசிறியைக் கழற்றி உப்பைச் சுரண்டினார். சூடு கடத்தும் பசையை மாற்றினார். லினக்ஸ் போட்டார். ஃபுட்போல் கேமை வைத்துப் பன்னிரண்டு விதமாகப் பார்த்தார். வயற்காரர்கள் மோட்டாருக்கு வந்து "நாளைக்கு" என்ற சொல்லோடு திரும்பிப் போனார்கள். வாசல் காவல்காரன் மசியவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் கையை விரித்தார். ஆனால் முகத்தில் தோல்வி இல்லை. வேறு ஏதோ கணக்குப் போட்டுவிட்ட முகம். "நாளைக்கு வெள்ளி. பின்னேரம் அஸர் தொழுதிட்டு ஊட்ட வாங்க சேர். மூணாவது ஆள் இல்லாட்டி எனக்கு வாய் வராது," என்றார்.

போனேன். ஹோலில் டீவியோடு அந்தக் கைக்கம்பியூட்டரை வயரால் இணைத்து வைத்திருந்தார். பாயில் இரண்டு கொன்ட்ரோலர். எனக்குப் பிளேன்டீ வந்தது. வாசலில் மோட்டார்சைக்கிள் நின்ற சத்தம் கேட்டதும் அவருடைய உடம்பு பழக்கத்தில் பாதி எழும்பிவிட்டது. வலுக்கட்டாயமாகத் திரும்ப இருந்தார்.

மிஹ்லார் உள்ளே வந்தார். மாமாவைப் பார்த்தார். டீவிக்குப் பக்கத்தில் தன்னுடைய மெசினைப் பார்த்தார். திரும்பிப் போகக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இரிங்க மருமகன்," என்றார் அர்ஷாத் காக்கா. "நான் உங்கட மாமா எண்டு தெரியாம றஸ்மி என்ட கடைக்குத்தான் கொண்டு வந்தான். விசிறி இப்ப கத்தாது. லினக்ஸ் போட்டிரிக்கி. நீங்க கேட்ட அந்த ஃபுட்போல் கேம் ஓடாது. பன்னெண்டு விதமாப் பாத்திட்டன். ஓடாது."

"மாமா... நீங்களா இதெல்லாம் செய்ற?"

"நான்தான். ரெண்டு வருசமா விளையாடியும் வாறன். உங்களுக்குத் தெரிஞ்சா மதிக்கமாட்டீங்க எண்டு ஊட்ட வெச்சு விளையாடல்ல."

மிஹ்லார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நானும் அதுக்குத்தான் மாமா றஸ்மிட ஊட்ட போற," என்றார். உள்ளறையில் ஸம்றாவின் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஃபுட்போல் போனாப் போகட்டும். இதில ஒண்டு இரிக்கி. சமையல் கேம். ஆனா ரெண்டு பேர் வேணும்," என்று ஒரு கொன்ட்ரோலரை நீட்டினார் மாமா.

இருவரும் ஒரு பாயில் இருந்தார்கள், நடுவில் இன்னொரு ஆள் இருக்கத்தக்க இடம் விட்டு. திரையில் ஒரு குசினி. ஒருவர் வெங்காயம் வெட்ட வேண்டும், மற்றவர் சட்டியை அடுப்பில் வைக்க வேண்டும், சோற்றுக் கோப்பை கழுவ வேண்டும். வாய் திறந்து சொல்லாவிட்டால் வேலை நடக்காது. முதல் ஆட்டத்தில் இருவரும் மரியாதையாக வாய் மூடியிருந்தார்கள். குசினி பற்றி எரிந்தது. இரண்டாவதிலும் எரிந்தது. மூன்றாவதில் மிஹ்லார் மெதுவாக, "மாமா, வெங்காயம்," என்றார். நான்காவதில், "மாமா, அங்க நிக்காதீங்க, கோப்பையக் கழுவுங்க" என்று சத்தமாகவே வந்தது. தன் வாழ்நாளில் ஒரு கோப்பையும் கழுவியிராத மனிதர், "கழுவுறன், கழுவுறன், நீங்க சோத்தப் பாருங்க," என்று திரும்பச் சத்தம் போட்டார். கதவடியில் நின்ற கமீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நடுவில் விட்ட இடம் எப்போது காணாமல் போனதென்று நான் கவனிக்கவில்லை.

மிஹ்லாரின் ஃபோன் அடித்தது. எட்டிப் பார்த்தவரின் முகம் மாறியது. "அக்கரைப்பற்று ஊட்டுக்காரர்," என்றார்.

அர்ஷாத் காக்கா கோப்பை கழுவுவதை நிறுத்தினார். "எடுங்க மருமகன். மனிசன் பாத்துக்கொண்டிருப்பார்," என்றார். அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஃபோன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. மிஹ்லார் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். "பொறகு பாப்பம் மாமா. சோறு தீயுது," என்றார்.

மஃரிப் தொழுகைக்குப் போய் வந்தும் ஆட்டம் தொடர்ந்தது. நான் கிளம்ப எழும்பியபோது கமீலா சாப்பாடு கொண்டு வந்தார். வழக்கப்படி இரண்டு சோற்றுக் கோப்பை. ஒன்று ஹோலில் மருமகனுக்கு. மற்றதைப் பின்பக்கத்து அறைக்குக் கொண்டுபோவதற்காகக் கையிலேயே வைத்துக்கொண்டு, கணவர் எழும்பட்டும் என்று காத்து நின்றார். அர்ஷாத் காக்கா கையை நீட்டி அதை வாங்கினார். அதிலிருந்த சோற்றையும் மீனையும் மருமகனுடைய கோப்பையில் சேர்த்துக் கொட்டினார். வெறுங்கோப்பையைக் கமீலாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிரம்பிய கோப்பையை இருவருக்கும் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு கையைக் கழுவினார்.